சூலூர் போகும் வழியிலே

கோயமுத்தூரிலிருந்து சூலூருக்குப் போவதைப் 'பிரயாணம்' என்று சொன்னால் கொங்கு நாட்டார் சிரிப்பார்கள். முழுசாக இருபது கிலோமீட்டர்கூட இல்லை. திருச்சி ரோட்டில் பஸ் ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை வாங்கி எண்ணி முடிப்பதற்குள் ராமநாதபுரம் போய்விடும். சிங்காநல்லூரில் ஒரு கூட்டம் இறங்கும். அதைவிடப் பெரிய கூட்டம் ஏறும். அப்புறம் ஒண்டிப்புதூர், இருகூர்ப் பிரிவு, சூலூர். அவ்வளவுதான்! ஊட்டிக்கும் குற்றாலத்துக்கும் போய் வந்தவர்கள் எழுதுகிற இடத்தில் சூலூருக்குப் போய் வந்ததை எழுதுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஆனால், கண்ணை நம்பிப் போகிறவர்களுக்குத்தான் இந்த ரோடு சப்பென்று இருக்கும். பஞ்சாலைகள், பஞ்சாலைகள் இருந்த இடத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகள், பத்தடிக்கு ஒரு பேக்கரி, இவற்றைத் தவிர வேறொன்றும் தெரியாது. காதை நம்பிப் போகிறவர்களுக்கோ இது தமிழ்நாட்டின் முக்கியமான சங்கீத வீதிகளில் ஒன்று. நான் சொல்வது மிகை என்று தோன்றினால் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள். பஸ் இன்னும் சிங்காநல்லூரைத் தாண்டவில்லை.

இந்தச் சிங்காநல்லூர்ப் பக்கத்தில்தான் 1935ல் ஆரம்பிக்கப்பட்ட சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. 'சிவகவி' (1943) இங்கே எடுத்த படம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944) இங்கே எடுத்த படம். எம். ஜி. ஆர். கதாநாயகனாக முதன் முதலில் வெற்றி கண்ட 'ராஜகுமாரி' (1947), அண்ணாவின் 'வேலைக்காரி' (1949) ஆகிய படங்களை ஜூபிடர் கம்பெனியார் இங்கிருந்துதான் தந்தார்கள். நகரத்துக்குள் புலியகுளம் பக்கத்தில், ஸ்ரீராமுலு நாயுடு 1945ல் தொடங்கிய பட்சிராஜா ஸ்டூடியோ வேறு இருந்தது. சினிமா என்றால் சென்னை என்று இன்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் நடிகர்களும் பாடகர்களும் ரயிலேறிக் கோயமுத்தூருக்கு வந்து கொண்டிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த டி. எம். சௌந்தரராஜன் சினிமாவுக்காக முதலில் பாடியதும் இந்த ஊரில்தான். படம் 'கிருஷ்ண விஜயம்', வருஷம் 1950.

அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. இந்தப் பிரயாணத்தில் நமக்குத் துணைவர் அவர்தான்.

கடையநல்லூரில் பிறந்து, பையனாக இருக்கும்போதே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அந்த நாளில் நாடகக் கம்பெனியில் சங்கீதம் என்றால் ஆர்மோனியம். பாடுகிறவருக்குச் சுருதி, திரை ஏறும்போது ஒரு மிடுக்கு, ராஜா செத்துப் போனால் ஒரு சோகம், எல்லாவற்றையும் அந்தக் கட்டைகளை அமுக்கித்தான் வரவழைக்க வேண்டும். அந்தத் தலைமுறைச் சினிமா இசையமைப்பாளர்களில் பலர் இப்படி ஆர்மோனியக் கட்டைகளின் மேல் விரல் பழகி வந்தவர்களே. ஜி. ராமநாதன், அண்ணன் சுந்தர பாகவதரின் கதா காலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். சி. ஆர். சுப்பராமன் கிராமபோன் கம்பெனியில் ஆர்மோனியக்காரராகச் சேர்ந்தவர். 1952ல் முப்பது வயதுகூட நிரம்பாமல் காலமானார். அந்த மூன்றாம் பேரையும் 'வேலைக்காரி'யில் நாயுடுவுடன் சேர்த்தே பார்க்கலாம்.

சுப்பையா நாயுடுவை எதற்காக நினைவு வைத்திருக்கிறோம்? 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகி போட்டி போட்டுப் பாடும் ஆபேரி ராகப் பாட்டுக்காக. 'மலைக்கள்ளன்' (1954), 'நாடோடி மன்னன்' (1958) படங்களில் டி. எம். எஸ். பாடிய பாட்டுக்களுக்காக. நியாயம்தான், அவை நல்ல பாட்டுக்கள். ஆனால் ஒரு படத்தில் பாட்டுக்கள் எல்லாம் சேர்ந்து அரை மணியோ முக்கால் மணியோ வரும். மீதி இரண்டு மணி நேரத்தில், கதவு திறக்கும் போதும், கடிதம் வரும்போதும், குதிரை பாயும் போதும், கதாநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போதும் வாசித்த வாத்தியங்கள் எங்கே? அவற்றையும் அவர்தானே அமைத்தார்? அந்த வாத்திய சங்கீதத்துக்கு ஒரு பெயர் கிடையாது. பாட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.

'ஹரிதாஸ்' படத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பாட்டுக்கள் பாபநாசம் சிவனுடையவை என்று வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். பின்னணி வாத்தியங்களை அமைத்தவர் ஜி. ராமநாதன் என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

பின்னணி இசையை அன்று பதிவு செய்த விதம் இன்று கேட்டால் பயமாக இருக்கும். எடுத்து முடித்த படத்தைத் திரையில் ஓட விடுவார்கள். எதிரே வயலின்காரர்கள், புல்லாங்குழல், வீணை, தபேலா, மிருதங்கம், கிளாரினெட் எல்லாம் உட்கார்ந்திருக்கும். திரையில் வாள் உருவப்படும் அதே விநாடியில் இங்கே ஜதி விழ வேண்டும். ஒலியும் படத்தைப் போலவே பிலிமில்தான் பதிவாகும். காந்த நாடா வந்து சேராத காலம். அழித்துவிட்டு அதன் மேலேயே இன்னொரு முறை வாசிக்கலாம் என்ற வசதி கிடையாது. கடைசி வயலின்காரர் ஒரு ஸ்வரம் பிசகினால் பிலிம் வீண், மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் பஞ்சாலைகள்! நடுவில் மில் சங்கு ஊதினால் என்ன செய்திருப்பார்கள் என்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் யோசித்தேன்.

இத்தனை பாடுபட்டுச் செய்த சங்கீதம் இசைத்தட்டில் ஏறவில்லை. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம். அதில் பாட்டைப் போட்டுத்தான் விற்பார்கள். பின்னணி இசை படத்தோடு பிறந்து படத்தோடு இருக்க வேண்டியது. படம் போனால் அதுவும் போயிற்று. அந்த நாளைய பிலிம் சுலபமாகத் தீப்பற்றும். பற்றாவிட்டாலும் தானே உளுத்துப் போகும். புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டதே 1964ல்தான். அதற்குள் எத்தனையோ தமிழ்ப் படங்களுக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சிய படங்களில் மட்டும் அந்த வாத்தியங்கள் வசனத்துக்கு அடியில் பதுங்கிக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உள்ளதல்ல. கடல் தாண்டி, போலந்து தேசத்துக்கு ஒரு நிமிஷம் போய் வருவோம்.

ஷோப்பான் என்ற பெயர், வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1810ல் வார்ஸா நகருக்கு அருகில் பிறந்தவர். பியானோவுக்காகவே பிறந்த பிறவி என்பார்கள். அவர் எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே பியானோதான். வாத்திய கோஷ்டியையும் சேர்த்து எழுதியவை ஆறே ஆறு. அந்த ஆறும் சின்ன வயசுக் காரியங்கள். முதலாவது 1827ல், பதினேழு வயதில். 1830 நவம்பரில் அவர் வார்ஸாவை விட்டுப் புறப்பட்டபோது பெரும்பாலும் எழுதி முடித்தாகிவிட்டது. அப்புறம் பாரிஸில் வாழ்ந்து 1849ல் கண் மூடுகிற வரையில் கோஷ்டிக்கென்று புதிதாக எதையும் தொடங்கவில்லை.

இந்த ஆறையும் பண்டிதர்கள் ஒரு வரியில் தள்ளிவிடுவது வழக்கம். 'பியானோ பிரமாதம், கோஷ்டிக்கு வேலை இல்லை. ஒதுங்கி நின்று ஆமாம் போடுகிறது' என்று. எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. நம் ஊர்க் கச்சேரியில், பாடுகிறவரை அமுக்காமல் கூடவே வரும் பக்கவாத்தியத்துக்கு 'சுகமாக வாசித்தார்' என்றுதானே பெயர்? அதையே ஷோப்பானின் வயலின்காரர்கள் செய்தால் அது எப்படிக் குறையாகும்? ரசத்தில் பெருங்காயம் எங்கே என்று யாரும் கரண்டி விட்டுத் தேடுவதில்லை. போடாமல் விட்டால் தெரியும்!

ஆறில் இரண்டு, பெரிய கான்செர்ட்டோக்கள்; இவை அடிக்கடி மேடை ஏறுகின்றன. மற்ற நாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றில் 'கிராகோவியாக்' (1828) என்று ஒன்று. கிராக்கோ நகரத்துச் சுற்று வட்டாரக் குடியானவர்கள் ஆடும் கூத்தின் பெயர் அது. குதிரை பாய்கிற மாதிரி அடி எடுத்து வைக்கிற துள்ளல் தாளம். அந்தத் துள்ளல் ஆரம்பிப்பதற்கு முன்னால், வயலின்கள் மெல்லப் பிடித்து நிற்க, பியானோ இரண்டு கைகளிலும் ஒரே மெட்டைத் தூரத்தில் கேட்கிற மாதிரி வாசிக்கும். நம் காதுக்கு மோகனத்தின் சாயல் அடிக்கும். பதினெட்டு வயசுப் பிள்ளை, பட்டணத்துச் சங்கீத சாலையில் படித்துக்கொண்டு, கிராமத்துக் கூத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறது.

மற்றொரு விசேஷம். முதலில் எழுதிய கான்செர்ட்டோவை 1830 மார்ச்சில் வார்ஸாவில் அவரே வாசித்தார். (அச்சில் பிந்தி வந்ததால் 'இரண்டாவது' என்று பெயர் பெற்று விட்டது.) அதன் நடுப் பகுதியை, சங்கீத சாலையில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்த கொன்ஸ்டான்ஸியா என்ற பெண்ணை நினைத்து எழுதினார். பெண்ணிடம் சொன்னாரா என்றால், இல்லை. சிநேகிதனுக்குக் கடிதத்தில் எழுதினார். ஆண் பிள்ளைகள் சமாசாரம் எல்லா தேசத்திலும் ஒன்றுதான்! அந்தப் பகுதியின் நடுவில், வயலின்கள் எல்லாம் நடுங்க, பியானோ மட்டும் பேசத் தெரியாதவன் திடீரென்று பேச ஆரம்பித்த மாதிரி பேசும். அந்த இடத்தில் 'கோஷ்டிக்கு வேலை இல்லை' என்று சொல்கிறவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஷோப்பானுக்கும் நம் நாயுடுவுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. இவர் வேறு, அவர் வேறு. ஆனால் ஒரு வித்தியாசம் மனத்தை உறுத்துகிறது. ஷோப்பானுடைய கோஷ்டி இசை அச்சில் இருக்கிறது. நூறு வருஷம் யாரும் தொடாவிட்டாலும், நூற்றோராவது வருஷம் எவராவது புத்தகத்தைப் பிரித்து வாசிக்கலாம். சிங்காநல்லூர்ப் பக்கம் வாசித்தது அச்சேறவில்லை. கேட்டால்தான் உண்டு.

இதற்குள் பஸ் சூலூர் வந்துவிட்டது.

சூலூருக்கு இரண்டு முகங்கள். ஒன்று குளத்து முகம். நொய்யல் தண்ணீர் வந்து நிரம்பும் பெரிய குளம், சின்னக் குளம் என்ற இரண்டு நீர் நிலைகள். சாயங்காலம் கரையில் நின்றால் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டம் போடும். இன்னொன்று விமான முகம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் கடற்படையினர் இங்கே விமானத் தளம் வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வைரி'. வேட்டையாடும் பருந்து ஜாதிப் பறவைக்கு நம் பெயர்! கோயமுத்தூரில் அவர்கள் வைத்திருந்த விமான ராணுவத் தொழிற்சாலைக்குப் பெயர் 'கருடா'. யுத்தம் முடிந்த வருஷத்தில் பிறந்த ஸ்டூடியோவுக்கோ 'பட்சிராஜா', அதுவும் கருடன்தான். இன்று சூலூர்ப் படைத் தளத்தில் 'தேஜஸ்' போர் விமானங்கள் இருக்கின்றன. வானத்தில் வித்தை காட்டும் ஹெலிகாப்டர்க் குழுவும் இருக்கிறது. அதன் பெயர் 'சாரங்'. மயில் என்று அர்த்தம். இந்த வட்டாரத்தில் பெயர் வைக்கிறவர்கள் எல்லோருக்கும் பறவைப் பைத்தியம் போலிருக்கிறது.

நான் போனது பறவை பார்க்க அல்ல. என் அப்பாவின் அக்காள் சூலூரில் இருக்கிறாள். எண்பத்தைந்து வயது தாண்டியவள். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள். சாமான்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். திண்ணையில் ஓர் அட்டைப் பெட்டி, அதில் பழைய இசைத்தட்டுக்கள். பழைய சாமான்காரர் வந்தால் கொடுத்துவிடலாம் என்று பேரன் வைத்திருந்தான். பெட்டி எப்போதோ போய்விட்டது. தட்டு மட்டும் எதற்கு என்பது அவன் கட்சி.

"ஏனுங்க அத்தை, இதையெல்லாம் போடுறதுக்கு உங்களுக்கு மனசு வருதுங்களா?" என்று கேட்டேன்.

"போனாப் போவுது கண்ணு. அதுல பாட்டு மட்டுந்தான் இருக்குது. நாங் கேட்டதெல்லாம் அதுல இல்லை" என்றாள்.

என்ன கேட்டாள்? 'மலைக்கள்ளன்' வந்தபோது அவள் தாவணி போட்ட பெண். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து, அம்மாயியோடு நாலு தரம் பார்த்தாளாம். அவள் பாட்டை முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும்! சொற்களை அங்கங்கே விழுங்கி விடுவாள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் வாத்தியத்தை மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் 'தனனா' என்று பாடிக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவாள். வயலின் இறங்குகிற இடத்தில் தலையும் இறங்கும். இசையமைப்பாளர் அமைத்ததில் பாதியை வானொலியும் இசைத்தட்டும் காப்பாற்றின என்றால், மறு பாதியைக் காப்பாற்றியது இந்த மாதிரி அத்தைகள்தாம் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அவளுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. கைப்பேசியில் படத்தைப் போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன். அவளுக்குத் திரை தெரியாது. அதனால் காதால் பார்த்தாள். எழுத்துக்கள் ஓடும்போது வரும் ஆரம்ப இசையை நாம் என்ன செய்கிறோம்? முறுக்கு எடுத்து வரப் போகிறோம். அவள் அசையவில்லை. உண்மையில் அந்த இரண்டு நிமிஷம்தான் கோஷ்டிக்குச் சொந்தமான நேரம். வசனம் குறுக்கே வராது. யாரும் பாட வர மாட்டார்கள். நீங்களும் ஒரு நாள் பழைய படம் ஒன்றை இப்படிக் கேட்டுப் பாருங்கள். சமையலறையில் கையை வேலைக்கு விட்டுவிட்டு, திரையைப் பாராமல், காதை மட்டும் கூடத்தில் வைத்துக் கேளுங்கள். யார் வருகிறார்கள், நல்லவரா கெட்டவரா என்பதை வசனத்துக்கு முன்னால் வாத்தியம் சொல்லிவிடும்.

'மலைக்கள்ளன்' ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் மு. கருணாநிதியினுடையது. அவர்கள் பெயர் நிற்கும், நிற்க வேண்டும். சுப்பையா நாயுடுவின் பெயரைப் பற்றி ஒரு சம்பவம் மட்டும் சொல்ல வேண்டும். அவரிடம் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர் எம். எஸ். விசுவநாதன். 'அபிமன்யு' (1948) படத்தில் ஒரு பாட்டுக்கு மெட்டு அமையாமல் நாயுடு தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் இல்லாத நேரத்தில் பையன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டுப் போட்டான். நாயுடு அதையே வைத்துக்கொண்டார். பையன் போட்டது என்று சொன்னால் முதலாளிகள் ஒப்ப மாட்டார்கள் என்று தம் பெயரிலேயே விட்டார். ஜூபிடர் கம்பெனி கோயமுத்தூரை விட்டுச் சென்னைக்குப் போகும்போதுதான் உண்மையைச் சொல்லி, 'இவனை விட்டுவிடாதீர்கள்' என்று ஒப்படைத்தார். விசுவநாதன் அதை மறக்கவில்லை; முதுமையில் நாயுடுவைத் தம்மோடு வைத்துக் காப்பாற்றினார். 1979ல் நாயுடு காலமானார்.

தட்டுக்களில் உடையாதவை ஐந்து தேறின. துண்டில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். பேரனுக்குச் சந்தோஷம், ஒரு சாமான் குறைந்தது என்று.

பொழுது சாய்ந்ததும் பக்கத்துத் தெருவிலிருந்து வள்ளிக் கும்மிப் பழக்கம் கேட்க ஆரம்பித்தது. கொங்கு நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் இது நடக்கிறது. ஆசிரியர் வள்ளி திருமணக் கதையைப் பாட, பெண்களும் சிறுமிகளுமாக வட்டமிட்டு அடி வைக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் என்ற எண்பத்தேழு வயதுக் கும்மி ஆசிரியருக்கு 2024ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் அல்லவா, அந்தக் கலைதான். கும்மிச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கிராக்கோவின் கூத்து நினைவு வந்துவிட்டது. அத்தையிடம், "வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் இருநூறு வருஷத்துக்கு முன்னால் செஞ்சது; கேட்கறீங்களா?" என்றேன்.

"வை. பாட்டு உண்டா?"

"இல்லீங்க. வாத்தியம் மட்டுந்தான்."

"அப்போ நல்லதாப் போச்சு" என்றாள்.

அந்த 'இரண்டாவது' கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியைப் போட்டேன். அதில் ஓர் இடம் வரும். வயலின்காரர்கள் வில்லின் நாரால் இழைப்பதை நிறுத்திவிட்டு, வில்லைத் திருப்பிக் கட்டையால் தந்தியின் மேல் தட்டுவார்கள். டக், டக், டக் என்று அது கேட்க, மேலே பியானோ ஒரு கிராமத்து ஆட்டம் ஆடும். இந்த நுணுக்கத்தை அத்தைக்கு எப்படி விளக்குவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

"கோலாட்டங் கண்ணு" என்றாள்.

அப்புறம் பேசவில்லை. பியானோ ஓடி, சுற்றி, மறுபடி மெட்டுக்கு வந்தது. முடிவு நெருங்கும்போது எல்லாம் அடங்கி, கொம்பு வாத்தியம் ஒன்று மட்டும் தனியாக ஒரு கூப்பாடு போடும். வார்ஸாவிலிருந்து இன்றுவரை அந்தக் கொம்பு எதைக் கூப்பிடுகிறது என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அத்தை சிரித்துவிட்டாள்.

"சங்கு ஊதீட்டாங்க. மில்லு விட்டாச்சு! இனி எல்லாரும் ஊட்டுக்கு ஓடுவாங்க பாரு."

ஓடினார்கள். பியானோ தலைதெறிக்க ஓடி முடித்தது. அவள் கைப்பேசி இருந்த பக்கம் கையை நீட்டி, "அந்தக் கோலாட்டத்தை மட்டும் இன்னொருக்கா வை" என்றாள்.